சங்கு ஊதிய பத்து நிமிஷம்

சங்கு ஊத ஆரம்பித்தபோது தில்லைநாயகி எழுந்திருக்கத்தான் நினைத்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்துகூட விட்டாள். மற்ற எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எதிர் பெஞ்சில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிய கிழவர், புல்லில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இரண்டு ஆபீஸ் பெண்கள், ஐஸ்கிரீம் வண்டிக்காரன், எல்லாரும் பூங்காவை விட்டு எதிர்ச்சாரிக் கட்டடங்களுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அவசரம் யாருக்கும் இல்லை. கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் கூப்பிட்டாற்போலச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். ஒத்திகைதானே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஜூன் பதினைந்து, புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நியூயார்க்கின்மேல் எதிரியின் ஹைட்ரஜன் குண்டு ஒன்று விழுவதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சர்க்கார் சொல்லியிருந்தது. வைத்துக்கொண்டு, பத்து நிமிஷம், தெருவில் ஈ காக்கை இல்லாமல் அத்தனை பேரும் நிலவறையிலோ சுரங்க ரயிலடியிலோ போய் நிற்க வேண்டும். நிற்காதவர்களுக்கு ஓராண்டு வரை சிறை என்று சட்டம். இந்த ஊரில் இதைச் சைரன் என்கிறார்கள். ரங்கூன் துறைமுகத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த அவளுடைய அப்பா வைரவனுக்கு எல்லாம் சங்குதான், ஆலையில் ஊதினாலும் கப்பலில் ஊதினாலும் ஆகாச விமானம் வருகிறது என்று ஊதினாலும். பிணத்துக்கு முன்னால் ஊதுவதும் சங்குதானே என்று அம்மா ஒருநாள் சொல்லப்போய் அப்பா அவளைக் கடிந்துகொண்டார். அந்தச் சத்தம் இப்போது ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, பதினாலு வருஷமாகியும் காது மறக்கவில்லை. போய்விடலாம், பத்து நிமிஷம், உள்ளே நின்றுவிட்டு வந்தால் ஆபீஸுக்குப் போய் மிளகுச் சரக்கின் கடிதங்களைத் தட்டி முடிக்கலாம். போய்விடலாம் என்று நினைத்தபடியே அவள் பெஞ்சில் முதுகைச் சாய்த்தாள். தோளில் மாட்டிய பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

கருதப்படுகிறது. அந்தச் சொல்தான் காரணம், வேறொன்றும் இல்லை. திங்கட்கிழமை அதை அவளேதான் தட்டினாள். மலபார் மிளகும் முந்திரிப்பருப்பும் இறக்குமதி செய்கிற அந்தக் கம்பெனியில் அவள் தட்டெழுத்துக்காரி. கட்டடத்தின் ஒவ்வொரு மாடிக்கும் ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று மேலேயிருந்து நகல் வந்தது, மூன்று கார்பன் வைத்து இரண்டு தடவை தட்டச் சொன்னார்கள். சைரன் கேட்டதும் மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள், சன்னலோரம் நிற்காதீர்கள், வரிசையாகக் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள், கீழ்த்தளம் ஓரளவு பாதுகாப்பானது எனக் கருதப்படுகிறது. அங்கே வந்ததும் அவளுடைய விரல் நின்றுவிட்டது. யார் கருதினார்கள்? எங்கே உட்கார்ந்து கருதினார்கள்? கருதியவர் அந்தக் கீழ்த்தளத்தை ஒருநாளாவது இறங்கிப் பார்த்தாரா? அங்கே கொதிகலன் இருக்கிறது, மேலே எட்டு மாடிச் செங்கல் இருக்கிறது, வெளியேற ஒரே ஒரு கதவு. முதல் தாளில் அப்படியே தட்டிவிட்டாள். இரண்டாவது தடவை தட்டும்போதும் அப்படியேதான் தட்டினாள். சாயந்திரம் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மிஸஸ் பெட்ரிக் காத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி, செக் நாட்டிலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவள், இங்கிலீஷ் பேசுவாளே ஒழிய எழுத்துக் கூட்டுவதற்குள் மூச்சு வாங்கும். வீடு வீடாகப் போட்ட அச்சுத்தாளை எடுத்து வந்து, நீ படிச்ச பெண், ஆபீஸில் இதெல்லாம் தட்டுகிறவள், எனக்கு இதைப் படித்துச் சொல்லு என்றாள். தாளின் தலைப்பில் ஒரு படம். நிலவறையில் ஓர் அம்மாவும் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், மேசைமேல் கட்டம்போட்ட விரிப்பு, அம்மாவின் காலில் குதி உயர்ந்த செருப்பு, எல்லார் முகத்திலும் சிரிப்பு. தில்லைநாயகி படித்தாள். மிஸஸ் பெட்ரிக் நிறுத்தி, அப்படியானால் நம் நிலவறை போதும், இல்லையா என்று கேட்டாள். போதும் என்று போட்டிருக்கிறது என்றாள் இவள். போட்டிருக்கிறது. மறுநாளே அந்தக் கிழவி டின்னில் அடைத்த பழங்களையும் ஒரு நாற்காலியையும் கீழே இறக்கி வைத்துவிட்டாள். இந்த நிமிஷம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள், மடியில் கையை வைத்துக்கொண்டு, தாளில் போட்டிருக்கிறபடி. போன மாதம் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார்கள். பாலைவனத்தில் புது வீடுகள் கட்டி, உள்ளே துணிக்கடைப் பொம்மைகளுக்குச் சட்டையும் கவுனும் மாட்டி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்த்தி வைத்துவிட்டு, அணுகுண்டை வெடித்துக் காட்டினார்கள். நடுவில் சோப்புத்தூள் விளம்பரம் வந்தது. அந்த நீலக் கவுன் நன்றாக இருக்கிறது, எந்தக் கடையோ என்றாள் மிஸஸ் பெட்ரிக். பிறகு அந்த வீட்டையும் காட்டினார்கள். பொம்மைகள் யாரும் எழுந்து ஓடவில்லை. உட்கார்த்தி வைத்தபடி உட்கார்ந்திருந்ததுகள், தலை இருந்ததும் இல்லாததும்.

தெரு காலியாகிவிட்டது. இந்த ஊரை இப்படிப் பார்த்ததில்லை. நடுத்தெருவில் ஒரு பஸ் கதவைத் திறந்துபோட்டபடி நின்றது, உள்ளே ஆளில்லை. மூலையில் விளக்கு சிவப்பாயிற்று, பச்சையாயிற்று, மறுபடி சிவப்பாயிற்று, யாருக்காகவும் இல்லாமல். ஐஸ்கிரீம் வண்டியின் மூடி சரியாக மூடாததால் வெள்ளைப் புகை வந்தது. புறாக்கள் மட்டும் ஆரஞ்சுத் தோலைக் கொத்திக்கொண்டு இருந்தன. அன்றைக்கு ரங்கூனிலும் முதலில் யாரும் ஓடவில்லை. டிசம்பர் மாதம், காலை வெயில், சங்கு ஊதியதும் ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், விமானம் வெள்ளிமீன் கூட்டம்போல வந்தது, எங்கள் முகல் தெருக்காரர்கள் கையை நெற்றியில் வைத்து எண்ணினார்கள். எண்ணி முடிப்பதற்குள் விழுந்தது. அதைப் பற்றி அவள் அதிகம் நினைப்பதில்லை. அது குண்டு, அது விழத்தான் விழும், அதன்மேல் அவளுக்குக் கோபம் வந்ததே கிடையாது. அவளுடைய நினைப்பு ஒவ்வொரு தடவையும் போய் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் வேறு, பத்து நாள் கழித்து, வடக்கே புரோம் ஊருக்குப் போகிற பாதையில், போலீஸ் சாவடியின் சுவர். நகரத்தை விட்டு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள், தமிழர், தெலுங்கர், சட்டிபானை தலையில், கோழி கக்கத்தில், அப்பா ஒரு தகரப்பெட்டி, அம்மா ஒரு சாக்கு, இவள் தண்ணீர்க்கூஜா. சாவடிச் சுவரில் இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் முன்னாலேயே வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். கான்வென்ட்டில் படித்த பதினேழு வயதுப் பெண் இவள் ஒருத்திதான். அப்பாவுக்கு ஒரே பெருமை. அத்தனை அலைச்சலிலும், அவளைக் கைபிடித்து ஒரு கட்டைவண்டியின் மேல் ஏற்றி நிறுத்தினார். "என்னாத்தா போட்டிருக்கு? சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். ரங்கூன் நகரம் தற்போது ஓரளவு பாதுகாப்பானது எனக் கருதப்படுகிறது, துறைமுகத் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் வேலைக்குத் திரும்பும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அதுதான் எழுதியிருந்தது. அவள் முதலில் மனசுக்குள் படித்துக்கொண்டாள். கீழே பார்த்தாள். எல்லா முகமும் அண்ணாந்திருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, திரும்பிப் போகலாமா தங்கச்சி, சொல்லு தங்கச்சி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓரளவு என்பதையும் கருதப்படுகிறது என்பதையும் அந்த முகங்களுக்கு எப்படிச் சொல்வது? வாயில் தமிழ் வரவில்லையா, வந்தும் சொல்லப் பிடிக்கவில்லையா? அவள் குரலை உயர்த்திச் சொன்னாள், ரங்கூன் இப்போது பத்திரமாக இருக்கிறது, எல்லாரும் வேலைக்குத் திரும்பச் சொல்லுகிறது சர்க்கார். அவ்வளவுதான். வெயில் இறங்குமுன் முக்கால்வாசிக் கூட்டம் வந்த வழியே திரும்பியது. அப்பா முன்னால் நடந்தார்.

அவள் சொல்லியிருக்காவிட்டாலும் திரும்பியிருப்பார்கள். போலீஸ்காரன் தடியோடு நின்றான், சாப்பாடு இல்லை, படகு இல்லை. வேறு யாராவது படித்திருப்பார்கள். கருதப்படுகிறது என்று சேர்த்தே சொல்லியிருந்தாலும் அப்பா திரும்பியிருப்பார், சர்க்கார் கருதுவதும் சாமி கருதுவதும் அவருக்கு ஒன்றுதான். இதையெல்லாம் எத்தனை தடவை சொல்லிக்கொண்டாயிற்று, மாட்டுவண்டி போன தடத்தையே மறுபடி மறுபடி அரைத்து அரைத்து, கடைசியில் வண்டி நிற்பது அந்தச் சுவருக்கு முன்னால்தான். இரண்டு மாதம் ரங்கூனில் உட்கார்ந்து அப்பா கணக்கு எழுதினார், எந்தக் கப்பலும் வராத துறைமுகத்துக்கு. பிப்ரவரிக் கடைசியில் எல்லாரும் போய்விடலாம் என்று சொன்னபோது சொன்னவர்கள் முதலில் போய்விட்டிருந்தார்கள். மறுபடி அதே பாதை, அதே சாவடி, ஆளில்லாத சாவடி, சுவரில் அந்தத் தாள் வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி மலைப்பாதையில், தவுங்கப் என்கிற கடலோர ஊரை நோக்கி நடந்தார்கள். முதல் தடவையே நடந்திருந்தால் ஓடையில் தண்ணீர் இருந்திருக்கும். மார்ச்சில் ஓடையே பாதையாக இருந்தது, இருந்த குட்டைகளில் காலரா இருந்தது. அம்மா ஒரு நாள் காலையில் வயிறு சரியில்லை என்றாள், இருட்டுவதற்குள் போய்விட்டாள். கைக்குழந்தைக்காரியை மலையில் எங்கும் பார்க்கவில்லை, வேறு வழியாகப் போயிருப்பாள், போயிருக்கலாம், போயிருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆமாம், எல்லாவற்றையும் இந்தச் சொல்லில் சுருட்டி வைத்துவிடலாம், ஒரு ரத்தக்கறைகூட வெளியே தெரியாது. எட்டு வருஷம் கழித்து அப்பா தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் சாகக் கிடந்தார். ஒருநாள் மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள், வாயைத் துடைத்துவிட்டபோது அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்தத் தாள்ல நெசமாவே அப்படித்தான் போட்டிருந்துச்சா ஆத்தா?" எட்டு வருஷம் அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். மகள் தப்பாகப் படித்துவிட்டாள் என்று நினைத்தாரா? அல்லது தப்பாகப் படித்திருக்கக் கூடாதா, அப்படியானால் சர்க்கார் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடுமே என்று ஆசைப்பட்டாரா? எது என்று இன்னமும் தெரியவில்லை. ஆமாப்பா, அப்படித்தான் போட்டிருந்தது என்றாள். அவர் கையை விட்டுவிட்டார். அந்தப் பதிலிலும் அந்தச் சொல் இல்லை.

பயமாக இருக்கிறது. அதை யாரிடம் மறைக்க? முழங்கால் இரண்டும் சேலைக்குள் ஆடுகிறது. ஒன்றுக்குப் போக வேண்டும்போல இருக்கிறது. ஓராண்டுச் சிறை என்றால் இந்த ஊர்ச் சிறை எப்படி இருக்கும், அங்கே சேலை கட்ட விடுவார்களா? சிறைகூட இல்லை, விசாவைக் கிழித்துக் கப்பலேற்றிவிடுவார்கள், கம்பெனி தந்த விசா, ஊரில் போய் இறங்கினால் முப்பத்தோரு வயதுக் கல்யாணமாகாதவள், அமெரிக்காவிலிருந்து துரத்தப்பட்டவள், சித்தி வீட்டுப் பின்கட்டில் ஒரு பாய். கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா சபேசன், கும்பகோணத்துக்காரர், இந்த ஊரில் அவளோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள், போன வருஷமே சொன்னார். எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, நான் கம்யூனிஸ்ட் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியாது என்று. வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று இவள் சொன்னாள். சபேசனுக்கு வேர்த்துவிட்டது. "வாசிக்காதீங்கோ அம்மா. வாசிச்சா சந்தேகம் வரும். நாம இங்க வந்தேறிகள், தலையைக் குனிஞ்சுண்டு போனாப் போற இடம் தெரியாமப் போயிடலாம்" என்றார். நல்ல மனுஷர்தான், மூன்று பெண்களைக் கரையேற்ற வேண்டும். அவர் சொன்னபடி வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் இந்த ஊரில் எத்தனை பேர் வாசிக்காமல் போட்டிருப்பார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய தேசம், வீட்டுக்கு வீடு குளிர்பெட்டி, காரில் இருந்தபடியே சினிமா, கடையில் காசு போட்டால் பெட்டி பாடுகிறது, இருந்தும் சாயந்திரம் கதவைச் சாத்தியதும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்த் தலையைக் கையால் மூடிக்கொள்ளப் பழகுகிறார்கள். மேசைக்கு அடியில்! சோற்றுக்கு அழுகிற பிள்ளைக்குக் களிமண்ணை உருட்டிக் கொடுக்கிறதுபோல. அந்தக் களிமண்ணை உருட்டுகிறது யார்? தில்லைநாயகிதான், மூன்று கார்பன் வைத்து. ஒரு தடவை வண்டிமேல் ஏறி நின்று சத்தம் போட்டுச் சொன்னாள், அப்போது பதினேழு வயது. திங்கட்கிழமை அதையே தட்டியபோது என்ன வயது? மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு எழுத்துப் பிசகாமல். இல்லை. இனி முடியாது. கால் ஆடினால் ஆடட்டும், காலுக்குப் பயம் இருந்தால் அது காலின் பாடு. பயம் போன பிறகுதான் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? அவள் உட்கார்ந்தே இருப்பாள். எழுந்து போய் அந்தச் சிரிக்கிற படத்துக்குள் ஒரு ஆளாக நிற்க மாட்டாள்.

வெள்ளைத் தலைக்கவசமும் கைப்பட்டையும் போட்ட ஒருவர் பூங்காவுக்குள் ஓடி வந்தார். கிட்ட வந்ததும் அடையாளம் தெரிந்தது, மிஸ்டர் லோகன், மூலைச் செருப்புக்கடைக்காரர். முதல் பனிக்காலத்தில் இவள் கேன்வாஸ் செருப்போடு நடந்து போனதைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் கூப்பிட்டு, பாதி விலைக்குப் பூட்ஸ் கொடுத்தவர். இந்தத் தெருவின் தொண்டர் காவலர் அவர்தான் போலிருக்கிறது. மூச்சு இறைக்க நின்றார், அவளை அடையாளம் தெரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை, சேலை தெரிந்திருக்கும். கையை மேலே காட்டினார், கீழே காட்டினார், செவிடருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக இரைந்தார், உள்ளே, போங்கள், குண்டு. அவள் அசையவில்லை. அவர் முகத்தில் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, இங்கிலீஷ் தெரியாது, இல்லையா, பாவம், வெளிநாட்டுப் பெண், புரியவில்லை என்று எழுதிவிடுகிறேன், ஒரு தொந்தரவும் வராது, தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோலச் சொல்லிக்கொண்டே பென்சிலைத் தேடினார். தப்பிக்கிற கதவு அங்கே திறந்து கிடந்தது. தலையை ஆட்டினால் போதும். வேலை இருக்கும், விசா இருக்கும், சபேசன் இனிப்புக் கொண்டுவந்து கொடுப்பார். கீழே நிற்கத் தேவையும் இல்லை, பெஞ்சிலேயே இருந்துகொள்ளலாம், புரியாதவளாக. அவளுடைய கழுத்து ஆடுவதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது, அதை அவள் உணர்ந்தாள். அவ்வளவு சுலபம் அது.

"மிஸ்டர் லோகன்," என்றாள். "எனக்கு இங்கிலீஷ் தெரியும். எங்கள் கட்டடத்துக்கு அந்த அறிவிப்பைத் தட்டியவளே நான்தான். எல்லாம் புரிகிறது. நான் வரமாட்டேன்."

அவர் பென்சிலோடு நின்றார். "புரிகிறது என்றால் ஏன் வரமாட்டீர்கள்?"

"புரிவதால்தான்."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார், மயிர் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. தன் பொறுப்பில் உள்ள தெருக்களில் ஒருவர்கூட வெளியில் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டு மாதமாகச் சாயந்திரங்களில் இதற்காக வகுப்புக்குப் போனேன், சம்பளமில்லாத வேலை, என் ஜனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் வந்தேன் என்றார். பிறகு, உங்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குச் சுரீர் என்றது. கெடுதலே செய்யாதவர்கள்தான் அன்றைக்கும் அவளைச் சுற்றி இருந்தார்கள். சாவடியில் தடியோடு நின்றவனும் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தான், அவள் பார்த்தாள்.

"ஒன்றும் செய்யவில்லை," என்றாள். "நீங்கள் நல்லவர். எங்கள் அப்பாவும் நல்லவர். அவரும் சொன்னதையெல்லாம் செய்தார்."

அவருக்கு அது புரிந்திருக்காது. விசிலை எடுத்து வாயில் வைத்தார், ஊதுவதற்குமுன் இன்னொரு தடவை அவளைப் பார்த்தார், இன்னமும் எழுந்துவிடலாம் என்பதுபோல. அவள் கையை மடியில் கோத்துக்கொண்டாள். ஊதினார். ஆளில்லாத தெருவில் அந்தச் சின்ன விசில் பெரிதாகக் கேட்டது. மூலையிலிருந்து ஒரு போலீஸ்காரன் வந்தான், இருபத்தைந்து வயது இருக்கும், சவரம் செய்த இடம் பச்சையாக இருந்தது. லோகன் அவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், இங்கிலீஷ் தெரிந்த பெண்தான், உடம்பு ஏதும் சரியில்லையோ என்னவோ. கடைசிவரை அவளுக்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார் அந்த மனுஷர். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவள் சொன்னாள். எழுந்திருங்கள் என்றான் போலீஸ்காரன். நிலவறைக்கென்றால் எழ மாட்டேன், கைது செய்வதானால் எழுந்திருக்கிறேன் என்றாள். சொன்ன பிறகு அந்த வாக்கியம் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் கைது என்றான். அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். நிற்க முடிந்தது.

நடந்துகொண்டிருக்கும்போதே முடிவுச் சங்கு ஊதியது, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே நீளமாக. கட்டடங்களின் கதவுகள் திறந்து ஜனங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள், சிகரெட் பற்றவைத்தார்கள், யாரோ பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். லட்சம் லட்சமாகச் செத்துப்போனதாக வைத்துக்கொண்ட ஊர் மறுபடி நடக்க ஆரம்பித்தது. ஆரஞ்சு தின்ற ஆபீஸ் பெண்களில் ஒருத்தி நின்று பார்த்தாள். கம்யூனிஸ்ட் என்று ஒரு ஆள் சொன்னான், சத்தமாகச் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவனுக்குத் தகவல் சொல்வதுபோல. அவளுடைய ஆபீஸ் கட்டடத்தின் இரண்டாவது மாடிச் சன்னலில் கண்ணாடி போட்ட ஒரு முகம் இருந்தது, சபேசனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அவள் தலை குனியாமல் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தாள். முகம் உள்ளே போய்விட்டது. போலீஸ்காரன் அவளுடைய முழங்கையைப் பிடித்தான். பிடிக்க வேண்டாம், நானே வருகிறேன் என்றாள், விட்டுவிட்டான். காரின் பின்கதவை அவன் திறக்க, சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். உள்ளே தோல் இருக்கை வெயிலில் கொதித்தது.

கார் நகர்ந்தது. அவளுக்கு மிஸஸ் பெட்ரிக்கின் நினைவு வந்தது, இந்நேரம் நிலவறைப் படியில் மூட்டுவலியோடு ஏறிக்கொண்டிருப்பாள். இன்றைக்கோ, விடுதலையாகிற அன்றைக்கோ, எப்போது திரும்பினாலும் அந்தத் தாளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் படித்துக் காட்ட வேண்டும், ஓரளவு என்றால் என்ன, கருதப்படுகிறது என்றால் என்ன என்று நிறுத்தி நிறுத்தி. கிழவி அழுவாள், அல்லது வீட்டைக் காலி செய் என்பாள். இரண்டும் நடக்கலாம். நடந்தாலும் படிப்பாள். இதெல்லாம் நினைக்கும்போதும் பயம் இருந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் எங்கோ அந்தச் சாவடிச் சுவருக்கு முன்னால் வழக்கமாக வந்து நிற்கும் நினைப்பின் வண்டி இன்று இன்னும் வந்து நிற்கவில்லை. சாலை நடுவில் விளக்கு சிவந்து கார் நின்றது. போலீஸ்காரன் முன்னால் பார்த்தபடியே இருந்தான், காதோரம் சிவந்திருந்தது. மேடம், ஒன்று கேட்கலாமா என்றான், உத்தியோகக் குரலில் இல்லை. எனக்கு ஒரு மகள், ஏழு மாதம் என்றான். விளக்கு பச்சையானதை அவன் கவனிக்கவில்லை, பின்னால் ஒரு வண்டி ஒலி எழுப்பியது.

"நிஜமாகவே வந்தால், எங்கே போக வேண்டும்?" என்றான்.

கண்ணாடியில் அவனுடைய முகம் தெரிந்தது. அந்த முகத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு தவித்தது, ஒரு சின்னப் பொய், ஆறுதலாக ஒரு வார்த்தை, இரண்டு கிராமம் தாண்டி ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு குகை. அவள் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாது," என்றாள். "எனக்குத் தெரியாது, தம்பி." கடைசிச் சொல்லைத் தமிழில்தான் சொன்னாள்.